நாடி பிடித்து ஏறிய மலை

திருச்சிராப்பள்ளிக்குப் போய்விட்டு மலைக்கோட்டை ஏறாமல் திரும்பினேன் என்று யாராவது சொன்னால், ஒன்று அந்த ஆசாமிக்கு முழங்கால் வலி இருக்க வேண்டும். அல்லது ரயிலுக்கு நேரமாகியிருக்க வேண்டும். வேறு நியாயமான காரணம் எனக்குத் தோன்றவில்லை. ஊருக்குள் எங்கே போனாலும் ஏதாவது ஒரு சந்து முனையில் அந்தப் பாறை தலையை நீட்டி, "என்ன, இந்தத் தடவையாவது வருகிறீரா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது.

நானும் பல தடவை ஏறியவன்தான். சிறு பையனாக இருந்தபோது பாதித் தூரம் அப்பாவின் தோளில் ஏறினேன். கல்லூரி நாட்களில் நண்பர்களோடு பந்தயம் கட்டி, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன். ஆனால் சென்ற தை மாதத்தில் ஏறியதுபோல ஒரு நாளும் ஏறியதில்லை. அன்றைக்குத்தான், காலால் ஏறுகிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிற மலையை உண்மையில் ஏறுவது இதயம் என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கதையை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் தினசரி உடற்பயிற்சி செய்கிறவர்கள் இருப்பார்கள். இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

உறையூரில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு வயது 62. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து, பிழைத்து எழுந்தவர். படுக்கையில் இருந்தபோதே, "நடமாட்டம் வந்ததும் என் காலாலேயே உச்சிப் பிள்ளையாரை வந்து பார்க்கிறேன்" என்று வேண்டிக்கொண்டிருந்தார். அதன்பிறகு தினம் அரை மணி நேரம் நடந்து பழகினார். டாக்டரும் பரிசோதித்துப் பார்த்து, "மெதுவாக ஏறலாம்" என்று உத்தரவு கொடுத்துவிட்டார். டாக்டர் இன்னொரு வார்த்தையும் சொல்லியிருந்தார். அது என்னவென்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு விஷயம் கிடைத்திருக்காது.

"தனியாகப் போகாதீர்கள். பெரியவன் மெட்ராஸிலிருந்து வருகிறானாம், அவனோடு போங்கள்" என்றாள் சித்தி. பெரியவன் என்றது என்னைத்தான்.

சின்னக்கடைத் தெருவில், கடைகளுக்கு நடுவே இருக்கிறது மலைக்கு ஏறும் வாசல். முதல் தடவை வருகிறவர்கள் இத்தனை பெரிய மலைக்கு இவ்வளவு சிறிய வாசலா என்று மலைத்துப் போவார்கள். காலை ஆறரை மணிக்குத் தெரு அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருந்தது. செருப்பை விட்டுவிட்டு, அடிவாரத்தில் இருக்கும் மாணிக்க விநாயகருக்கு ஒரு கும்பிடு போட்டோம்.

மலையின் உயரம் 83 மீட்டர். அதாவது சுமார் 273 அடி. படிகள் நானூறுக்கு மேல் உண்டு. சரியாக எத்தனை என்று கேட்காதீர்கள். எண்ணிக்கொண்டு ஏறுகிறவர்களில் இரண்டு பேர் ஒரே கணக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. எண்ணிக்கை எதுவானாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். உங்கள் எடை 70 கிலோ என்றால், 70 கிலோ மூட்டை ஒன்றை 83 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த மூட்டை நாமே என்பதால் கூலி கேட்பதில்லை. வழக்கமான வேகத்தில் படி ஏறினால், சம தரையில் நடப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது. அந்தச் சக்திக்கு வேண்டிய ரத்தத்தைக் கால்களுக்கு அனுப்ப வேண்டியது இதயத்தின் பொறுப்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிற இந்த ஏற்றம், கடும் உழைப்பில் 20 லிட்டர்வரைகூட இறைக்கிறது. அதற்காகத்தான் படபடவென்று அடித்துக்கொள்கிறது.

இந்த விஷயமெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும் என்ற கர்வம் அன்று எனக்கு நிறைய இருந்தது. காரணம், நான் புதிதாக வாங்கியிருந்த கைக்கடிகாரம். அதன் அடிப்புறத்தில் ஒரு பச்சை விளக்கு மினுக்கும். தோலுக்கடியில் ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் பொங்கி வடிவதை அந்த வெளிச்சத்தைக் கொண்டு கண்டுபிடித்து, நாடி இவ்வளவு என்று முகப்பில் எண்ணாகக் காட்டிவிடும். நம் சித்த வைத்தியர்கள் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து வாத, பித்த, ஐயங்களை அறிந்து சொன்னார்கள். இங்கிலாந்தில் சர் ஜான் ஃப்ளாயர் என்ற வைத்தியர், நாடியை எண்ணுவதற்கென்றே ஒரு நிமிஷம் ஓடுகிற கடிகாரம் செய்வித்து, 1707-ல் அதைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். இப்போது விரலும் வேண்டாம், வைத்தியரும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கடிகாரத்தைக் கழற்றிச் சித்தப்பாவின் கையில் கட்டினேன்.

62 என்று காட்டியது. "பார்த்தீர்களா! வயதும் 62, நாடியும் 62" என்றேன். சித்தப்பா சிரித்தார்.

பிறகு கணக்குப் போட்டேன். இந்தக் கணக்கு உங்களுக்கும் உதவும். 220-லிருந்து உங்கள் வயதைக் கழியுங்கள். வருகிற எண், உங்கள் இதயம் அதிகபட்சமாக ஒரு நிமிஷத்தில் எத்தனை தடவை துடிக்கக்கூடும் என்பதற்கு ஓர் உத்தேசம். அதில் நூற்றுக்கு 50 முதல் 70 பங்குவரை துடித்தால் மிதமான பயிற்சி. 70 முதல் 85 பங்குவரை என்றால் கடுமையான பயிற்சி. எனக்கு வயது 36. ஆகவே உச்சம் 184. மிதம் என்பது 92 முதல் 129 வரை. சித்தப்பாவுக்கு உச்சம் 158. மிதம் 79 முதல் 111 வரை. "111-ஐத் தாண்டாமல் ஏறினால் போதும், சித்தப்பா. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிப் புறப்பட்டேன்.

* * *

மலைக்கோட்டைப் படிகளில் பெரும்பகுதி கூரைக்கு அடியில் போகிறது. இரண்டு பக்கமும் சுவர், அரை வெளிச்சம், காலுக்கடியில் குளிர்ந்த கல். குகைக்குள் ஏறுவதுபோல் இருக்கும். எங்களுக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் போய்க்கொண்டிருந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை. வாயில் ஏதோ முணுமுணுப்பு. நாலு படி ஏறுவார், ஒரு கணம் நிற்பார். மறுபடி நாலு படி. நாங்கள் அவரைச் சுலபமாகத் தாண்டிப் போனோம். "பாவம்" என்றுகூட நினைத்தேன்.

சித்தப்பா உற்சாகமாக எனக்குத் தாயுமானவர் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஐந்து வயதில் கேட்ட கதைதான்; இருந்தாலும் அவர் சொல்லிக் கேட்க வேண்டும். "இரத்தினாவதி என்று ஒரு செட்டிப் பெண். பிள்ளைத்தாச்சி. தாயார் அக்கரையில் இருக்கிறாள். பிரசவத்துக்கு அவள்தான் வந்தாக வேண்டும். அன்றைக்கென்று பார்த்துக் காவேரியில் வெள்ளம்..."

கடிகாரத்தைப் பார்த்தேன். 88. "இன்னும் நிறைய இடம் இருக்கிறது, சித்தப்பா. கொஞ்சம் வேகமாகவே வரலாம்."

அவரும் வேகமாகவே வந்தார். நான் சொன்னால் தட்டமாட்டார். "இங்கே... பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. பரமசிவன் என்ன செய்தார்... அந்தத் தாயாரைப்போலவே..."

மறுபடியும் பார்த்தேன். 97. "பேஷ்! நூறுகூட ஆகவில்லை."

பதில் இல்லை. பத்துப் படி ஏறின பிறகுதான், கதை நின்றுவிட்டது என்பது எனக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகத்தில் வேர்வை. வாய் திறந்திருந்தது; ஆனால் வார்த்தை வரவில்லை. கடிகாரம் மட்டும் சாவதானமாக 99 என்று காட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு நிமிஷத்தில் என் நாடி எவ்வளவு இருந்தது என்று கேட்காதீர்கள். சித்தியின் முகம் கண்முன் வந்தது. "மார்பு வலிக்கிறதா? இறுக்கமாக இருக்கிறதா? கை வலிக்கிறதா?" என்று அடுக்கடுக்காகக் கேட்டேன். அவர் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். மூச்சுத்தான் போதவில்லை.

அதற்குள் மஞ்சள் பைப் பெரியவர் எங்களை எட்டிவிட்டார். நிலைமையை ஒரு பார்வையிலேயே புரிந்துகொண்டார். "உட்காருங்கள் ஐயா. பேச வேண்டாம். மெதுவாக மூச்சை விடுங்கள்" என்று சித்தப்பாவைப் படியில் உட்கார வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, இவர் இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா?" என்று கேட்டார்.

"ஆமாம். இரண்டு வருஷமாக."

"நானும் சாப்பிடுகிறேன். அந்த மாத்திரை போட்டுக்கொள்கிறவர்களுக்கு இந்த மாதிரிக் கணக்கெல்லாம் பலிக்காது, தம்பி. குதிரைக்குக் கடிவாளம் போட்டதுபோல அது நாடியை இழுத்துப் பிடித்துவிடும். குதிரை ஓடவில்லை என்று நினைத்துச் சவுக்கால் அடித்தால் எப்படி?"

நேயர்களே, அவர் சொன்னது முற்றிலும் உண்மை. பீட்டா பிளாக்கர் என்று ஒரு வகை மாத்திரைகள் உண்டு. 1960-களில் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக் உருவாக்கியது இந்த மருந்து வகை. 1988-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். பதற்றத்திலும் உழைப்பிலும் இதயத்தை முடுக்கிவிடுகிற அட்ரினலினின் வேலையை இவை தடுக்கின்றன. அதனால் இதயம் நிதானமாகத் துடிக்கிறது. அதன் சுமை குறைகிறது. இதயத்துக்கு அது நன்மை. ஆனால் அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் எவ்வளவு சிரமப்பட்டு ஏறினாலும், 220-ல் வயதைக் கழித்த கணக்குக்கு அவருடைய நாடி வந்து சேராது. சித்தப்பாவின் 99, வேறு ஒருவருடைய 130-க்குச் சமமாக இருந்திருக்கலாம். நாடி குறைவாகக் காட்டுகிறதே என்று இந்த மாத்திரையை யாரும் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

மாத்திரை சாப்பிடாதவர்களுக்கும் அந்தக் கணக்கு கல்லில் வெட்டிய சாஸனம் அல்ல. பலருடைய சராசரியைக் கொண்டு 1970-ஐ ஒட்டிய காலத்தில் ஏற்பட்ட உத்தேசம்தான் அது. ஒரே வயதுக்காரர்கள் இரண்டு பேரை நிறுத்தினால், ஒருவருடைய உச்சம் பத்துத் துடிப்பு கூடவும் இருக்கலாம். பத்துக் குறையவும் இருக்கலாம். 2001-ல் ஆராய்ச்சியாளர்கள் வேறு கணக்குச் சொன்னார்கள்: வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிக்க வேண்டும். அதன்படி பார்த்தால் சித்தப்பாவின் உச்சம் 158 இல்லை, ஏறக்குறைய 165. எனக்கோ 184-க்குப் பதில் 183.

"அப்படியானால் நீங்கள் எதைப் பார்த்து ஏறுகிறீர்கள்?" என்று பெரியவரைக் கேட்டேன்.

"எதையும் பார்ப்பதில்லை. விநாயகர் அகவலைச் சொல்லிக்கொண்டே ஏறுவேன். வாய் நின்றால் காலை நிறுத்திவிடுவேன். வாய் மறுபடி தொடங்கினால்தான் கால் தொடங்கும்" என்றார் அவர்.

"டாக்டர்கூட இதைத்தான் சொன்னார்" என்று ஒரு குரல் கேட்டது. சித்தப்பாவுக்குப் பேச்சு வந்துவிட்டது! "பேச முடிகிற வேகத்தில் ஏறுங்கள் என்றார். இவன் கடிகாரம் கட்டினதும் நான் அதை மறந்துவிட்டேன்."

டாக்டர் சொன்ன அந்த இன்னொரு வார்த்தை அதுதான்.

* * *

பெரியவர் கடைப்பிடிக்கும் இதே முறையை, உடற்பயிற்சியைப் பற்றி எழுதுகிற வைத்திய நிபுணர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பயிற்சி செய்யும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான பயிற்சி. இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சுக்கு நிற்க வேண்டியிருந்தால் கடுமையான பயிற்சி. ஸ்வீடன் தேசத்து மனோதத்துவ நிபுணர் குன்னார் போர்க் இன்னொரு வழி கண்டார். 'உனக்கு எவ்வளவு சிரமமாக இருக்கிறது?' என்று கேட்டு, 6 முதல் 20 வரையுள்ள ஓர் அளவுகோலில் ஓர் எண்ணைச் சொல்லச் சொன்னார். 6-லிருந்து ஏன் தொடங்குகிறது என்றால், அதற்கு ஒரு பூஜ்யம் சேர்த்தால் 60, ஓய்வான நாடி. 20-க்குச் சேர்த்தால் 200. வாலிபன் தன் முழு பலத்தையும் கொடுத்து ஓடும்போது துடிக்கிற துடிப்பு. உடம்பு தானே சொல்லுகிற கணக்கும் நம்பத்தக்க கணக்கு என்பதுதான் அவர் கண்டது.

சித்தப்பா கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கதையை விட்ட இடத்திலிருந்து எடுத்து, வெள்ளம் வடிந்து உண்மையான தாயார் வந்து சேர்ந்ததையும், ஒரே மாதிரி இரண்டு தாயார் நிற்பதைக் கண்டு பெண் திகைத்ததையும், பரமசிவன் மறைந்ததையும் மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தார். பிறகு மெதுவாக எழுந்து, ஒவ்வொரு படியாகத் தாயுமானவர் சந்நிதிவரை வந்தார். தரிசனம் ஆயிற்று.

உச்சிக்குப் போகிற படிகளைச் சித்தப்பா சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு வருஷத்து வேண்டுதல் அல்லவா? நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லுகிற யோக்கியதை எனக்கு அன்று இல்லை.

"இன்றைக்கு இவ்வளவுதான்" என்றார் அவரே. "பிள்ளையார் எங்கேயும் போய்விட மாட்டார். நீ போய்ப் பார்த்துவிட்டு வா. ஆனால் எனக்காகக் கும்பிட்டுவிடாதே. அது நான் வந்து செய்ய வேண்டியது."

* * *

உச்சியில் காற்று எப்படி வீசும் என்று போனவர்களுக்குத் தெரியும். போகாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வடக்கே காவேரி. அதற்கு அப்பால் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம். பல நூற்றாண்டுகள் மொட்டையாக நின்று, 1987-ல் பூர்த்தியாகி, 236 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. கீழே தெப்பக்குளமும், லூர்து மாதா கோவிலின் கூரிய சிகரமும் தெரிகின்றன.

இங்கே பிள்ளையார் வந்து உட்கார்ந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரங்கநாதர் விக்கிரகத்தைச் சிறுவன் உருவில் வந்து காவேரிக் கரையிலேயே தரையில் வைத்துவிட்டு, பிள்ளையார் ஓடி வந்து இந்த உச்சியில் உட்கார்ந்துகொண்டார். விபீஷணன் கோபத்தோடு துரத்திக்கொண்டு வந்து நெற்றியில் குட்டினான். அத்தனை படி உயரத்தை ஓட்டமாக ஓடி வந்த விபீஷணனுடைய நாடி அப்போது எவ்வளவு இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு யோசனை. பிள்ளையார் விஷயத்தில் சிக்கல் இன்னும் அதிகம். யானையின் இதயம் ஓய்வில் நிமிஷத்துக்குச் சுமார் 30 தடவைதான் துடிக்கிறது. அவர் வாகனமான மூஞ்சூறின் இனத்துக்கோ ஐந்நூறுக்கு மேல். யானைக் கணக்கை மூஞ்சூறுக்குப் போட முடியுமா? என் கணக்கைச் சித்தப்பாவுக்குப் போட்டதும் அப்படித்தான்.

கடிகாரம் சித்தப்பாவிடம் இருந்தது. ஆகவே மூன்று விரலை வலது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக வைத்து, கைபேசியில் நேரம் பார்த்து, அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கினேன். 148. என் உச்சத்தில் நூற்றுக்கு 80 பங்கு. ஒரு நிமிஷம் விட்டு எண்ணினேன், 122. இந்த இறக்கத்தைக் கவனிப்பது நல்லது. பயிற்சியை நிறுத்தின முதல் நிமிஷத்தில் நாடி 12 துடிப்புக்கு மேல் இறங்காதவர்களுக்கு அபாயம் அதிகம் என்று 1999-ல் ஓர் அமெரிக்க ஆராய்ச்சி காட்டியது. தினசரிப் பழக்கம் உள்ளவர்களுக்கு நாடி சீக்கிரம் தணிகிறது. ஓய்வு நாடியும் நாளடைவில் குறைகிறது. பழகிய இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தம் இறைப்பதால், குறைவாகத் துடித்தாலே போதுமாகிறது.

நான் எண்ணி முடித்துச் சிறிது நேரம் கழித்துப் பெரியவர் வந்து சேர்ந்தார். வாயில் அகவல் அப்போதும் நிற்கவில்லை. தினமும் ஏறுவதாகவும், ஆரம்பத்தில் மாணிக்க விநாயகரிலிருந்து இருபது படி ஏறி இறங்கியதே பெரிய காரியமாக இருந்ததாகவும் சொன்னார்.

லண்டன் மாநகரத்தில் ஜெரி மாரிஸ் என்ற டாக்டர் 1953-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி என் நினைவுக்கு வந்தது. இரட்டை மாடி பஸ்ஸில் நாள் முழுவதும் உட்கார்ந்து ஓட்டுகிற டிரைவர்களைவிட, டிக்கெட் கொடுப்பதற்காக மாடிப்படி ஏறி இறங்குகிற கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வருகிறது என்று அவர் கண்டுபிடித்தார். அந்தக் கண்டக்டர்கள் பந்தயம் ஓடவில்லை, நாடியும் எண்ணவில்லை. தினம் தினம் படி ஏறினார்கள், அவ்வளவுதான். மாரிஸும் 99 வயதுவரை வாழ்ந்தார். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னதும் இதை ஒட்டியதே: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிஷம் கடுமையான பயிற்சி. ஐந்து நாள் அரை மணி நேரம் பேசிக்கொண்டே வேகமாக நடந்தால் முதல் கணக்கு நிறைந்துவிடுகிறது. நெஞ்சில் இறுக்கமோ, தலைச்சுற்றலோ, கையிலும் தாடையிலும் பரவுகிற வலியோ வந்தால் மட்டும் எந்தக் கணக்கும் பார்க்காமல் அந்த இடத்திலேயே நின்று, வைத்திய உதவியைத் தேட வேண்டும்.

* * *

வைகாசியில் ஒரு காலை ஏழரை மணிக்கு டெலிபோன் மணி அடித்தது. சித்தப்பாதான்.

"எங்கேயிருந்து பேசுகிறேன், சொல்லு பார்க்கலாம்!"

காற்றின் இரைச்சலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஊருக்குத் திரும்பியபிறகு, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, வாரத்துக்கு மூன்று நாள் அந்தப் பெரியவரோடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப் பழகினாராம். அன்றைக்கு உச்சிக்கு வந்து சேர ஐம்பது நிமிஷம் ஆயிற்றாம்.

"வழியெல்லாம் என்ன சொல்லிக்கொண்டு வந்தீர்கள்? அகவலா?"

"அகவல் அவருக்கு. நான் அவருக்குத் தாயுமானவர் கதை சொல்லிக்கொண்டு வந்தேன். நாலு தடவை முழுக்கச் சொல்லிவிட்டேன். பாவம், பொறுமைசாலி" என்றார். பிறகு, "இரு, இரு, தீபாராதனை காட்டுகிறார்கள்" என்று சொல்லி டெலிபோனை வைத்துவிட்டார்.